பெஞ்சில் பக்கத்து ஆள்

2019 ஏப்ரல் 19, பெரிய வெள்ளி. அன்றைக்கே அழகரும் ஆற்றில் இறங்கினார். வண்டியூர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் வைகையில் இறங்கும் அழகர் அன்று இரவு வந்து சேரும் ஊர் எங்களுடையது. ஆகவே காலையிலிருந்தே தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டை, மொட்டைத் தலைகள், தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிற இளவட்டங்கள், நீர்மோர்ப் பந்தல்கள். முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தல். தேரோட்டமும் அதே நாளில் வந்துவிட்டதால் மதுரைக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப்போட நேரம் கொடுத்திருந்தார்கள். விரலில் மையோடு மதுரையே எங்கள் ஊரைப் பார்க்க நடந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் வீட்டோடு வெள்ளை உடுத்தி, பைபிளும் பாமாலையும் கக்கத்தில் இடுக்கி, எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்னண்ணே, சாமி இங்கிட்டு வருது, நீங்க அங்கிட்டுப் போறீங்க?"

"எங்க சாமி மூணு மணிக்குச் செத்துருவாருப்பா. அதுக்குள்ள போய்ச் சேரணும்."

"அப்ப வெரசாப் போங்கண்ணே" என்றார், சிரிக்காமல். அவர்தான் இரண்டு தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே எங்களுக்கு வழி வாங்கிக் கொடுத்தார்.

கோயிலுக்குள் பாதிப் பெஞ்சு காலி. சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பிரசங்கம் செய்யவேண்டும். நாலாவது வார்த்தைக்கு வரவேண்டியவர் கோரிப்பாளையத்தில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். வராதவர்களைக் குறை சொல்ல முடியாது, வழியெல்லாம் போலீஸ். ஆனால் ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு அழகர் மலைக்குத் திரும்பியிருந்தார், போலீஸும் இல்லை, தடுப்பும் இல்லை. பெஞ்சு மட்டும் அப்படியே காலியாக இருந்தது.

இரண்டு விழாக்களும் இப்படி முட்டிக்கொள்வது தற்செயல் இல்லை. சித்ரா பௌர்ணமியும் நிலவைப் பார்த்து வருகிறது, ஈஸ்டரும் நிலவைப் பார்த்து வருகிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். சில வருஷம் இரண்டுக்கும் ஒரே நிலவாக அமைந்துவிடும். 2022-லும் அமைந்தது: சனிக்கிழமை அழகர் ஆற்றில், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்தெழுந்தார். வண்டியூர்க் கிறிஸ்தவனுக்கு அந்த இரண்டு நாளும் தூக்கம் கிடையாது. பாட்டுச் சத்தத்தில் தூங்கவும் முடியாது. விடியற்காலை ஆராதனை என்பதால் தூங்கவும் கூடாது.

நான் சிறுவனாக இருந்த 1970-களில் வண்டியூர் மதுரை இல்லை. மதுரைக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் வயலும் தோப்புமாக இருந்த ஊர். எங்கள் கோயில் டவுனில். பாண்டியன் பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. நடை என்றால் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இன்றைக்குத் தெப்பக்குளத்தில் வைகைத் தண்ணீர் ததும்பி நிற்கிறது. சுற்றிலும் சாயங்காலமானால் பானிபூரியும் பருத்திப்பாலும். அப்போது அது பெரும்பாலும் வறண்ட குளம், ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். திருமலை நாயக்கர் அவ்வளவு பெரிய குளத்தை எங்கள் சோதனைக்காகவே வெட்டினாரோ என்று தோன்றும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, இறுக்கமான கால்சட்டையும் எண்ணெய் வழியும் தலையுமாக, அந்த மைதானத்தைத் தாண்டிப் பத்துக் கட்டளைகள் ஒப்பிக்கப் போன பையனுக்கு நரகத்தைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்தவேண்டிய தேவை இல்லை.

போகாமல் இருந்தால்? அதற்குத்தான் உபதேசியார். ஒல்லியான மனிதர், சைக்கிளும் குடையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆராதனையில் அவர் கண்ணை மூடி ஜெபிப்பதுபோல் இருக்கும். உண்மையில் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு தவறினால் அன்று சாயங்காலமே சைக்கிள் வாசலில் நிற்கும். "தம்பிக்குக் காய்ச்சலாமே" என்பார். நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டோம். காய்ச்சல் இல்லாத பையன் நெற்றியில் கைவைத்து நீண்ட ஜெபம் செய்வார், காய்ச்சல் போய்விட்டதற்கு நன்றியும் அதிலேயே சேர்ந்துவிடும். காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடமோ அப்பாவிடமோ "கடவுளை நம்புகிறாயா" என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். "போன வாரம் வரலையே" என்பதுதான் கேள்வி. அதற்கு மட்டும் பதில் தயாராக வைத்திருக்கவேண்டும்.

பெஞ்சில் இடம் யாருக்கும் எழுதித் தரப்படவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அப்பாவின் இடம் நாலாவது வரிசை ஓரம், சன்னலுக்குக் கீழே. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரை அம்மா 'வாய்க்கால்காரர்' என்பாள். எங்கள் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவில் ஓடிய வாய்க்கால் யாருக்குச் சொந்தம் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்கு. இரண்டு வீட்டு வக்கீல்களும் பிள்ளைகளை நன்றாகப் படிக்கவைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் இவர் அவர் முகத்தில் விழிக்க மாட்டார். ஏழாம் நாள் இரண்டு பேரும் தொடை உரச உட்கார்ந்திருப்பார்கள். வாய்க்கால்காரருக்குக் கண் பார்வை மங்கல். பாமாலைப் புத்தகத்தை அப்பாதான் பிடித்துக் காட்டுவார். பக்கத்தைத் திருப்பும்போது கொஞ்சம் வேகமாகத் திருப்புவார், அவ்வளவுதான் பழி வாங்கல்.

இடம் மாறி உட்கார்ந்திருக்கலாமே? முடியாது. மாறினால் அது செய்தி. சபைப் போதகர், எங்கள் வழக்கில் ஐயர், வீட்டுக்கு வந்துவிடுவார்.

இதைவிடப் பெரிய தண்டனை நற்கருணை ஞாயிறன்று. தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் தனக்கென ஒரு நற்கருணை ஆராதனை முறையை வகுத்தபோது, சிரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து ஒரு பழைய வழக்கத்தை எடுத்துச் சேர்த்துக்கொண்டது: சமாதானம் கொடுப்பது. ஐயர் முன்வரிசையில் இருப்பவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சமாதானம் சொல்வார், அவர் அடுத்தவருக்கு, அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போகும். பிற்பாடு உலகத்தில் எத்தனையோ சபைகள் இந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தன, அதற்கு முன்னோடி நம்ம ஊர் முறை என்று இறையியல் படித்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். முறையை எழுதியவர்களுக்கு எங்கள் வாய்க்கால் வழக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. மாதம் ஒருமுறை அப்பா தன் எதிராளியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து "சமாதானம்" என்று சொல்லவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சமாதானம்தான். திங்கட்கிழமை வாய்தா. ஆனாலும் அரிவாளைத் தூக்காமல் வாய்தாவிலேயே அந்த வழக்கு முடிந்துபோனதற்கு முன்சீப்பு பாதிக் காரணம் என்றால், அந்த ஓரப் பெஞ்சு மீதிப் பாதி என்று இன்றும் நினைக்கிறேன்.

அறுப்பின் பண்டிகைதான் இந்தச் சமாதானத்துக்கு விடுமுறை. விளைந்ததையெல்லாம் கொண்டுவந்து பீடத்தின் முன் குவிப்பார்கள்: வாழைத்தார், பூசணி, நெல், முட்டை, காலைக் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். ஏலம் போடுகிற கமிட்டிச் செயலாளர் ஊர் விவரம் தெரிந்தவர். பூசணிக்காயைத் தூக்கி, முதலில் அப்பாவைப் பார்ப்பார், பிறகு வாய்க்கால்காரரைப் பார்ப்பார். அவ்வளவு போதும். கடையில் ஒரு ரூபாய் விற்ற பூசணி இருபது ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் வீராப்பில் அதைத் திரும்பக் கோயிலுக்கே காணிக்கையாகக் கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். எங்கள் கோயில் கூரையின் மேற்குப் பக்கத்துக்கு வந்த புதுக் கிடுகு முழுக்க இந்தப் பகையில் மேய்ந்தது என்று சொல்வார்கள். தேவனுடைய வழிகள் ஆராய முடியாதவை என்று அந்தச் செயலாளருக்குத் தெரியாமலா இருக்கும்?

இதோடு சந்தா, பிடியரிசி. சந்தாவுக்கு ஒரு நோட்டு. பிடியரிசிக்கு அடுப்படியில் ஒரு கலயம்; உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் விழவேண்டும். வீட்டில் அரிசி தட்டிய நாளில் அம்மா கலயத்திலிருந்து கடன் வாங்குவாள், அடுத்த வாரம் திருப்பிப் போடுவாள். அதற்கு நோட்டு கிடையாது.

இதையெல்லாம் எழுதும்போது "அந்தக் காலம்போல வருமா" என்கிற பெருமூச்சு தானாக வருகிறது. அதை இங்கேயே நிறுத்தி வைக்கவேண்டும். வாய்க்கால்காரரோடு அப்பா உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இரண்டு பேரும் ஒரே சாதி என்பது. மதுரையில் யாரோடு யார் உட்காருவது என்பது நானூறு வருஷத்துப் பஞ்சாயத்து. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். கூட இருந்த ஐரோப்பியர்களே எதிர்த்துக் கோள் சொல்ல, 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி தலையிட்டு அனுமதித்தார். பிறகு அந்தச் சபையிலேயே மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று ஆளையே பிரித்தார்கள். எங்கள் தாத்தாக்களைச் சபையில் சேர்த்த அமெரிக்கர்கள் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். அவர்கள் நேர் எதிர். 1847-ல் ஒரு சோதனை வைத்தார்கள். சாதி பார்க்காமல் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவருக்குச் சபையில் இடமில்லை. உபதேசியார்கள் உட்படப் பலர் வெளியே போக நேர்ந்தது. மோட்சத்துக்குத் தயாராக இருந்தவர்கள் பக்கத்து இலைக்குத் தயாராக இல்லை.

கொஞ்ச காலத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு. பந்தி வரைக்கும் வந்தார்கள், பந்தல் வரைக்கும் வரவில்லை. என் தங்கைக்கு வரன் தேடியபோது சபையின் பெயரும் சாதியின் பெயரும் அடுத்தடுத்து அச்சான விளம்பரங்களைத்தான் அப்பா ஞாயிறு மத்தியானம் மூக்குக்கண்ணாடியோடு படித்தார். அதே மதுரையில், அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டில் பாட்டுக் கட்டி, எல்லா வீட்டு அரிசியும் ஒரே உலையில் வேகவேண்டும் என்று தன் காலம் முழுக்கச் சொன்னார். 2005-ல் மறைந்தார். அவர் பாட்டு எங்கள் கோயிலில் பாடப்படுகிறது, நல்ல தாளம் என்று.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலுமாக ஒரு மாற்றம் வந்தது. வாசல் வழியாக வரவில்லை, டேப்ரெக்கார்டர் வழியாக வந்தது. கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே வந்த பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' தொகுதி தொகுதியாக வந்தன, பிரசங்கி டி.ஜி.எஸ். தினகரனின் கூட்டங்களுக்கு லாரி பிடித்துப் போனார்கள். எங்கள் கோயிலில் கீர்த்தனைக்குக் கண் சொக்கியவர்கள் அங்கே போய்க் கண்ணீர் விட்டார்கள். கேலி செய்வது சுலபம், செய்ய மாட்டேன். பல வருஷம் வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அத்தை அந்தப் பாட்டுகளில்தான் முதன்முதலாகச் சத்தம் போட்டுப் பாடினாள். அவளிடம் யாராவது எதையாவது கேட்டதே அதுதான் முதல் தடவை. "இரட்சிக்கப்பட்டுட்டியா?" என்று கேட்டார்கள். உபதேசியார் கேட்காத கேள்வி. அவளுக்கு அதில் ஒரு மரியாதை இருந்தது.

அதிலிருந்து கேள்வி மாறிவிட்டது. ரிங் ரோடு வந்து, வயல் மனையாகி, மனை வீடாகி, வீட்டு மாடிகளில் ஜெப வீடுகள் வந்தன. அப்பாவின் வாய்க்கால் எங்கே ஓடியது என்று இப்போது எனக்கே அடையாளம் தெரியவில்லை. யார் வென்றாரோ அவர் தண்ணீர் இல்லாத வாய்க்காலை வென்றார். ஆட்டோவின் பின்கண்ணாடியில் வசனம். காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் சங்கீதமும், அனுப்புகிறவர் என் பள்ளித் தோழர், அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். கணக்குப் பார்த்தாலும் குறையவில்லை: தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2001 கணக்கெடுப்பில் 6.07 சதவீதம், 2011-ல் 6.12. "இந்தக் காலத்தில் யாருக்கு மதம் வேண்டியிருக்கிறது" என்று கேட்கிறவர்கள் ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்து ஸ்பீக்கர்களை எண்ணிப் பார்க்கலாம். விசுவாசம் இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. காணாமல் போனது பெஞ்சில் பக்கத்து ஆள்.

என் சித்தப்பாவைச் சொன்னால் விளங்கும். ஓய்வு பெற்ற பிறகு அவர் மூன்று யூடியூப் பிரசங்கிகளைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் தீர்க்கதரிசனத்துக்கு, ஒருவர் குடும்ப வாழ்க்கைக்கு, ஒருவர் மூட்டுவலிக்கு. எங்கள் ஐயர் பிரசங்கம் "ஜவ்வு" என்பார். "இங்க பாரு, இவர ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட்டலாம். அந்த ஐயர எப்படி ஓட்டுறது?" நியாயமான கேள்வி. பிடிக்காத இடத்தைத் தள்ளிவிடலாம், பிடிக்காத ஆளை மாற்றிவிடலாம். கோயிலில் அவர் பெஞ்சுக்குப் பின்னால் தாளம் தப்பிப் பாடுகிற ஒரு கண்டக்டர் உண்டு. அவரிடமிருந்து தப்பித்ததே பெரிய விடுதலை என்பார் சித்தப்பா. வழக்கு வாய்க்கால் எதுவும் இல்லாத, தாளம் தப்பாத, தன்னோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற ஒரு சபை அவருக்கு அமைந்தது. அதில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

2020 மார்ச்சில் எல்லோருக்கும் அது அமைந்தது. வாடிகனில் ஆளில்லாத சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் மழையில் தனியே நின்று ஜெபித்ததைப் பார்த்தோம். ஈஸ்டர் ஏப்ரல் 12, கைபேசியில். மே 4-ஆம் தேதி மீனாட்சி கல்யாணமும் கைபேசியில்தான். எங்கள் டீக்கடைக்காரர் கைபேசியில் மாங்கல்யம் ஏறுவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அழகர் அந்த வருஷம் ஆற்றுக்கு வரவில்லை, வண்டியூருக்கும் வரவில்லை. இங்கே துலுக்க நாச்சியாரைப் பார்க்க வருஷா வருஷம் தவறாமல் வருகிறவர் என்பது ஊர்க் கதை. யாருடைய சபைக் கமிட்டியும் அனுமதி தராத உறவு அது. அந்த நாச்சியாரும் அந்த வருஷம் காத்திருந்துதான் பார்த்திருக்கவேண்டும். செப்டம்பர் 1-ஆம் தேதி வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு உத்தரவு வந்தபோது பெஞ்சில் ஒருவருக்கொருவர் இடையில் பெருக்கல் குறி போட்டு இடம் விட்டிருந்தார்கள். சமாதானம் கைகூப்பிச் சொன்னால் போதும் என்று ஐயர் அறிவித்தார். தொற்று போய் வருஷங்கள் ஆகின்றன. கைகூப்பல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. யாருக்கும் குறையில்லை, எதிராளியின் உள்ளங்கைச் சூடு யாருக்கு வேண்டும்?

சித்தப்பா மகன் ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஜெர்மனியில் போய் இறங்கியதும் முகவரி பதிகிற படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம். நம்ம ஊர்ப் பழக்கத்தில் பிராட்டஸ்டண்ட் என்று நிரப்பிவிட்டான். முதல் சம்பளத்தில் திருச்சபை வரி என்று ஒரு பிடித்தம். அந்த மாநிலத்தில் வருமான வரியில் எட்டு சதவீதம். அரசே பிடித்துச் சபைக்குக் கொடுத்துவிடும். மதுரையில் சந்தா நோட்டைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போனவன், ஐரோப்பாவின் தேவாலயங்களுக்கு ஓடு மாற்றிக் கொடுத்தான், அவற்றில் ஒன்றுக்குள்ளும் காலெடுத்து வைக்காமலேயே. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பதிவு அலுவலகத்துக்குப் போய், அதற்கும் ஒரு கட்டணம் கட்டி, கையெழுத்துப் போட்டுச் சபையைவிட்டு வெளியே வந்தான். அங்கே அது பெரிய விஷயம் இல்லை. 2022-ல் மட்டும் கத்தோலிக்கச் சபையிலிருந்து ஐந்து லட்சம் பேருக்கு மேல் இப்படிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அவன் இதைச் சொன்னபோது எனக்கு லெஸ்லி நியூபிகின் ஞாபகம் வந்தது. பிஷப் என்கிற பதவியே இல்லாமல் நூறு வருஷம் நடந்த மதுரைச் சபைக்கு, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான அன்றே கிடைத்த முதல் பிஷப். அவரும் பிஷப் இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்தவர்; வயது 37. 1959 வரை மதுரை, ராமநாதபுரம் கிராமங்களைச் சுற்றினார். பிற்பாடு சென்னையிலும் பிஷப்பாக இருந்து 1974-ல் ஓய்வு பெற்றபோது, விமானம் ஏறாமல் மனைவியோடு பஸ் பஸ்ஸாக மாறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வழியில் துருக்கியின் கப்பதோக்கியாவில் ஒரு ஞாயிறு. ஒருகாலத்தில் சபையின் பெரிய தலைவர்களெல்லாம் பிறந்த மண். சேர்ந்து ஆராதிக்க வேறு ஒரு கிறிஸ்தவர்கூட அங்கே அகப்படவில்லை. இரண்டு பேரும் தனியாக ஆராதித்தார்கள். பர்மிங்ஹாமுக்குப் போய், பிற்பாடு வின்சன் கிரீன் என்கிற ஏழைப் பகுதியில் மூடப்போன ஒரு சின்னக் கோயிலை ஏற்று நடத்தினார். மதுரைக் கிராமத்தில் கதவைத் தட்டினால் திண்ணையில் உட்காரவைப்பார்கள். அங்கே பலர் கதவையே திறக்கவில்லை. மிஷனெரியாக இருப்பதற்கு இங்கிலாந்துதான் கடினமான நாடு என்று அந்த மனிதர் முடிவுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊரிலும் இப்போது கேட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள். உபதேசியார் இன்றைக்கு சைக்கிளில் வந்தால் "யார் வேணும்" என்று ஒரு பெட்டி கேட்கும்.

சித்தப்பா போன வருஷம் ஒரு விடியற்காலை இறந்துபோனார், கைபேசியில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. மூன்று பிரசங்கிகளுக்கும் லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. அடக்கம் பண்ண அவர்களில் யாரையும் கூப்பிட முடியாது. டவுன் கோயிலுக்குத்தான் போன் போட்டோம். கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றால் சபையில் பெயர் இருக்கவேண்டும். செயலாளர் நோட்டோடு வந்தார். வாய்க்கால்காரரின் மகன், இப்போது அவர்தான் செயலாளர். துக்க வீட்டில் கணக்குக் கேட்கிறோமே என்ற கூச்சத்தோடு மெதுவாகப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஐயா பேருல 2012 மார்ச்சோட நிக்குது."

பாக்கித் தொகையைக் கேட்டபோது ஸ்டுட்கார்ட்காரன் திகைத்துப்போனான். அங்கே இரண்டு மாதம் பிடித்ததைவிடக் குறைவு. அவனுடைய வெளிநாட்டுக் கணக்கிலிருந்து உடனே அனுப்ப வழியில்லாமல் என் தங்கை ஜிபே பண்ணினாள். காணிக்கைப் பெட்டியில் ஒட்டியிருக்கிற அதே கியூஆர் படம். தூக்குவதற்கு ஆள் போதவில்லை. சபையிலிருந்து நாலு பேர், டீக்கடைக்காரர், தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள். கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கண்டக்டரும் வந்திருந்தார். குழிக்கு அருகில் நின்று வழக்கம்போலத் தாளம் தப்பிப் பாடினார், ஒன்றரை மடங்கு நீளமாக.

வீட்டுக்குத் திரும்பி டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செயலாளர் ஸ்டுட்கார்ட்காரனின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, உங்க பேர எந்தச் சபையில வச்சிருக்கீங்க?"

"அங்க எழுதிக் கொடுத்து வெளிய வந்துட்டேன் அங்கிள்."

"வரி ஜாஸ்தியோ?"

"ஆமா அங்கிள்."

"இங்க குடும்பத்துக்கு மாசம் அம்பதுதான்." நோட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனா மூடியைக் கழற்றினார். "எழுதிறட்டுமா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். "எனக்கு விசுவாசம்லாம் அவ்வளவா இல்ல அங்கிள்."

"அத யாரு தம்பி கேட்டா?" என்றார் வாய்க்கால்காரர் மகன். "இனிஷியலச் சொல்லுங்க."